வயிற்றுப்போக்கில் உப்பும் சீனியும்: அளவு ஏன் பிசகக் கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் மருத்துவராகப் பணிபுரியும் நான், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பகுதிகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிவரும் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது, வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் கரைசலின் அளவைத்தான். சீனியைக் கூட்டினால் பிள்ளைக்குத் தெம்பு வரும் என்று அன்பினால் செய்வது, உடலிலுள்ள நீரை மேலும் வெளியேற்றிவிடுகிறது.

குடலின் உட்புறச் செல்கள் ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. உப்பிலுள்ள, மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனியும், சீனியிலிருந்து கிடைக்கும், நீரில் கரையும் குளுக்கோஸும் அதைத் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்துள்ள கடத்துப் புரதங்களே அவற்றை உள்ளே சேர்க்கின்றன. அவற்றுள் எஸ்ஜிஎல்டி1 என்னும் புரதம், துணையோடு வருபவரை மட்டுமே ஏற்றிச்செல்லும் ஓடக்காரனைப் போல, இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்த பிறகே வடிவம் மாறி, இரண்டையும் செல்லுக்குள் விடுகிறது. செல்லின் மறுபுறத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்பு, ஆற்றலைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுப்பதால், உள்ளே சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கிறது; அந்தக் குறைவே வெளியிலுள்ள சோடியத்தை உள்ளே ஈர்க்கும் விசை. இவை சென்ற வழியே தண்ணீரும் பின்தொடர்ந்து இரத்தத்தை அடைகிறது.

சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே கடத்தப்படுகின்றன என்ற கருத்தை 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். காலரா நஞ்சு குடற்செல்களின் குளோரைடு வாயில்களைத் திறந்து நீரைக் கொட்டச் செய்தாலும், இந்த இணைப்புப் புரதத்தை அது முடக்குவதில்லை. 2000-2001இல் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காலரா தாக்கிய காலத்திலும் வாய்வழிக் கரைசல் பயன்பட்டதற்கு அடிப்படை இதுவே.

உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல் (மில்லிமோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு). அதைக் கலக்கும் பொட்டலம் கிடைக்காதபோது, கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 8 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும் என்பதே நம் நாட்டுச் சுகாதாரத் துறை கற்பிக்கும் அளவு. சீனி மிகுந்தால், கடத்தப்படாமல் தேங்கும் சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும். லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சீனியும், மிகச் சொற்பமான சோடியமும் கொண்ட கோலா பானங்களை நான் தடுப்பதும் இதனால்தான். உப்பு மிகுந்தாலோ ஆபத்து இன்னும் கடுமையானது.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் நம் வீடுகளில், நோயுற்ற பிள்ளைக்கு உப்பிட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்: அரிசி மாவுச்சத்து செரிக்கச் செரிக்கக் குளுக்கோஸ் சிறிது சிறிதாக வெளிப்பட்டு, அதே புரதத்திற்குத் துணை சேர்க்கிறது.

பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கரைசலைக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழித்திருந்தால் வரும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.