இடம் கிடைச்ச இடத்துல கிராஸ்ஓவர் பைப்பை ஒட்டாதீங்க

இந்த மாசத்துல இது மூணாவது வண்டி. மூணுமே வி8 (ரெண்டு பக்கமும் நாலு நாலா எட்டு சிலிண்டர்), மூணுமே வேற எங்கயோ டூயல் எக்ஸாஸ்ட் (ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி புகை பைப்) பண்ணிட்டு எங்கிட்ட வந்தது, மூணுலயும் அந்த ரெண்டு பைப்பையும் குறுக்கா இணைக்கிற கிராஸ்ஓவர் பைப்ல தான் பிரச்சனை. முதல் வண்டில சைலன்சர் ரெண்டையும் தாண்டி பின் ஆக்சில் கிட்ட ஒரு ஹெச் பைப் (H மாதிரி நடுவுல ஒரு குறுக்குக் குழாய்) போட்டிருந்தாங்க. ரெண்டாவதுல நேர்மாறா, ஹெடர் (என்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்ங்க) முடிஞ்ச உடனே, புகையில ஆக்சிஜனை அளக்கற ஆக்சிஜன் சென்சாருக்கும் முன்னாடி. மூணாவது வண்டி தான் என்னை இதை எழுத வச்சது. அதுல இடம் ஓரளவு சரி, ஆனா கிராஸ் பைப் ஜாயிண்ட்ல வெல்டிங் விட்டுப்போய் பின் சீட்டுக்கு நேர் கீழ புகை கசிஞ்சிட்டு இருந்தது. அந்த வீட்டுப் பொண்ணு கார்ல ஏறினாலே தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே இருந்திருக்கா, அவங்களும் கண்ணு டெஸ்ட் வரைக்கும் பண்ணிப் பாத்திருக்காங்க, வண்டிய மட்டும் யாரும் சந்தேகப்படல. சத்தம் நல்லா இருக்குன்னு சந்தோஷமா ஓட்டிட்டு இருந்தாங்க.

செஞ்சவங்க கிட்ட போன்ல கேட்டா மூணு பேரும் சொன்னது ஒரே பதில்: "ரெண்டு பைப்பையும் இணைச்சா பிரஷர் பேலன்ஸ் ஆயிடும்ல, எங்க இணைச்சா என்ன?"

இந்த "எங்க இணைச்சா என்ன" தான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். கிராஸ்ஓவருக்கு பேலன்ஸ் பைப்னும் ஒரு பேரு இருக்கறதால எல்லாரும் ரெண்டு தண்ணித் தொட்டிய மனசுல வச்சுக்கறாங்க. தொட்டிக்குள்ள தண்ணி சும்மா நிக்குது, அடியில எங்க குழாய் போட்டாலும் மட்டம் சமமாயிடும். எக்ஸாஸ்ட் அப்படி இல்லைங்க. அங்க காத்து நிதானமா ஓடறதில்ல, ஒவ்வொரு சிலிண்டரும் வால்வ் திறக்கறப்ப ஒரு அடி, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் அடுத்த அடி. கிராஸ்ஓவரோட வேலையே அந்த அடிகளோட தான், சராசரி பிரஷரோட இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன், பொறுமையா பாருங்க. பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8-ல ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க வெடிக்கிற வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஒத்தப்படை நம்பர் எல்லாம் இடது பக்கம், இரட்டைப்படை எல்லாம் வலது பக்கம். இப்ப வரிசையா படிங்க: இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. பாத்தீங்களா, மாத்தி மாத்தி வரல. 8-ம் 4-ம் ரெண்டும் வலது பக்கமே அடுத்தடுத்து, 5-ம் 7-ம் ரெண்டும் இடது பக்கமே அடுத்தடுத்து. அந்த ஜோடிகளுக்கு நடுவுல கிராங்க் (என்ஜினோட சுழல் தண்டு) 90 டிகிரி தான் சுத்தியிருக்கும், வேற ஒரு இடத்துல பாத்தா அதே பைப்புல 270 டிகிரி வரைக்கும் ஒண்ணுமே வராது. அதாவது ஒரு பைப் மூச்சு முட்டற நேரத்துல பக்கத்து பைப் காலியா இருக்கு. அந்த நெரிசல் அடிக்குப் பக்கத்து பைப்புல வழி விடறது தான் கிராஸ்ஓவர். வி8-க்கே உரிய அந்த "குடு குடு" சத்தமும் இந்த ஏறுமாறான இடைவெளியால தான் வருது.

அப்ப யோசிங்க, அடி அடியா இருக்கிற இடத்துல தானே இது வேலை செய்யும்? சைலன்சருக்குள்ள போனா அதோட மொத்த வேலையே அந்த அடிகளை உடைக்கறது. உடைஞ்சு வெளிய வந்ததுக்கு அப்புறம் ஹெச் பைப் போட்டு எதை எதோட சேக்கறீங்க? வண்டில எடை கூடுது, துருப்பிடிக்க ரெண்டு ஜாயிண்ட் கூடுது, அவ்வளவு தான். முதல் வண்டிக்காரர் காசு கொடுத்துட்டு "சத்தத்துல வித்தியாசமே தெரியலையே"ன்னு கேட்டார், அவர் காது சரியாத் தான் கேட்டிருக்கு.

சரி, எங்க போடணும். ஹெடர் குழாய்ங்க ஒண்ணாச் சேர்ற கலெக்டருக்குப் பின்னாடி, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரும் அது பின்னாடி இருக்கிற சென்சாரும் தாண்டி, சைலன்சருக்கு முன்னாடி. இந்த எல்லைக்குள்ள எவ்வளவு முன்னாடி வர முடியுமோ அவ்வளவு நல்லது, எக்ஸ் பைப்புக்கு (ரெண்டு பைப்பும் X மாதிரி ஒட்டிக் கலக்கறது) இது இன்னும் முக்கியம். பெரும்பாலான பின்சக்கர டிரைவ் வண்டிங்கள்ல இது கியர்பாக்ஸ் பின்பக்கத்துக்கு நேரா வந்து நிக்கும். பழைய ஆளுங்க பைப் மேல சாதா பெயிண்ட் அடிச்சு என்ஜினை ஓட்டி, பெயிண்ட் கருகறத வச்சு இடம் பாப்பாங்க. கன்வர்ட்டர் இல்லாத பழைய வண்டிக்கு அது ஒரு துப்பு கொடுக்கும். கன்வர்ட்டர் இருக்கிற வண்டில அதை நம்பாதீங்க, கன்வர்ட்டரே தனியா சூட்டைக் கிளப்பும், நீங்க படிக்கிறது அந்தச் சூட்டைத் தான்.

சென்சாருக்கு முன்னாடி போட்டா என்ன ஆகும்னு ரெண்டாவது வண்டி காட்டிச்சு. ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) இடது பக்கத்துக்கு ஒரு சென்சார், வலது பக்கத்துக்கு ஒரு சென்சார்னு தனித்தனியா பாத்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்குது. முன்னாடியே ரெண்டையும் கலந்துட்டா இடது பக்க இன்ஜெக்டர் கோளாறுக்கு வலது பக்கமும் சேந்து திருத்தம் வாங்கும். அந்த வண்டிக்கு ரெண்டு சென்சார் புதுசா மாத்தி, இன்ஜெக்டர் கிளீன் பண்ணி, அப்பவும் செக் என்ஜின் லைட் அணையாமத் தான் எங்கிட்ட வந்தது. சென்சார் மேல தப்பே இல்ல.

ஹெச்சா எக்ஸான்னு எல்லாரும் கேப்பாங்க. ஹெச் போட்டா அந்த கனமான குரல் இருக்கும், காது அடைக்கிற அதிர்வு கொஞ்சம் அடங்கும். எக்ஸ் போட்டா ரெண்டு பக்க அடியும் கலந்து சத்தம் மெல்லிசா, மேல ஏறி, வழவழன்னு ஆயிடும், அதிக ஆர்பிஎம்ல ஓட்டறவங்களுக்கு இது கொஞ்சம் உதவும். தெருவுல ஓட்டற வண்டிக்கு பவர் வித்தியாசத்தை நீங்க சீட்ல உக்காந்து உணர முடியாது, அதனால பவரை வச்சு யாராவது உங்களுக்கு விக்கப் பாத்தா வேண்டாம்னு சொல்லுங்க. சத்தத்துக்காகப் போடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. வி6-ல ஒவ்வொரு பக்கமும் சீரா தான் வரும், அங்க எக்ஸ் போட்டா அந்த கரகரப்பு குறையும். ட்வின் டர்போன்னா டர்போவே அடிகளைப் பாதி தின்னுடும், பெருசா எதிர்பார்க்காதீங்க.

அப்புறம் நாலு சிலிண்டர் இன்லைன் என்ஜின். தயவு செஞ்சு கேளுங்க, அதுல எல்லா சிலிண்டர் புகையையும் சேக்கற ஒரே மேனிஃபோல்ட், ஒரே பைப். பின்னாடி ரெண்டு வாய் வச்சிருக்கறதால அது டூயல் எக்ஸாஸ்ட் ஆகாது, ஒரே புகையைத் தான் கடைசில ரெண்டாப் பிரிக்கறாங்க. பிரிச்சதைத் திரும்ப எக்ஸ் போட்டுச் சேத்து மறுபடி பிரிக்கறதுல எந்த அர்த்தமும் இல்ல. என்ஜின் குறுக்கா உக்காந்த வி6-லயும் ரெண்டு பக்கமும் முன்னாடியே, ரெண்டை ஒண்ணாக்கற ஒய் பைப்ல சேந்துட்டா அதே கதை தான்.

செய்யறவங்களுக்கு சில வார்த்தை. மெயின் பைப் 2.5 இஞ்ச்னா கிராஸ் பைப்பும் அதே சைஸ், இல்லேன்னா 2.25, அதுக்குக் கீழ போகாதீங்க. ஒரு இஞ்ச் பைப்பைச் செருகி வச்சிருக்கறதைப் பாத்திருக்கேன், 2.5 இஞ்ச் பைப் பரப்புல அது 16 சதவீதம் தான். எக்ஸை ரெண்டு பெண்டை வெட்டி ஒட்டிச் செய்யறப்ப நடுவுல ஜன்னலைத் தாராளமா வெட்டுங்க, காசு சைஸுக்கு ஓட்டை போட்டு வெளிய அழகா வெல்டு ஓட்டினா அது பொம்மை எக்ஸ். உள்ள தொங்கற வெல்டு கட்டியைத் தேய்ச்சு எடுங்க. ஸ்டெயின்லெஸ் 304-ஐ சாதா ஸ்டீலோட சேக்கறீங்கன்னா 309 வெல்டிங் ராடு போடுங்க, கைல கிடைச்சதைப் போடாதீங்க. கால்வனைஸ் பைப் பக்கமே போகாதீங்க, அந்த துத்தநாகப் புகைய மூச்சுல இழுத்தா ராத்திரி காய்ச்சல் வரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, சென்சாரையும் கழட்டி வைங்க.

விரிசல் ஏன் வருதுன்னு மூணாவது வண்டியப் பிரிச்சதும் தெரிஞ்சுது. 304 பைப் ஒரு மீட்டர், 400 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் நீளும், சாதா ஸ்டீல் 5 நீளும். என்ஜினும் மவுண்ட் மேல ஆடும். அந்த வண்டில இடது பக்கம் ஃப்ளெக்ஸ் ஜாயிண்ட் (வளைஞ்சு கொடுக்கற இணைப்பு) இருக்கு, வலது பக்கம் இல்ல, நடுவுல விறைப்பா ஒரு ஹெச். ரெண்டு பக்கமும் வேற வேற அளவுக்கு நகர்ந்தா நடுவுல இருக்கறது தானே கிழியும்? ஃப்ளெக்ஸ் போட்டா ரெண்டு பக்கமும் போடுங்க, கிராஸ் பைப்பைக் கழட்டற மாதிரி ஃபிளாஞ்சோ கிளாம்போ வைங்க, நாளைக்கு கியர்பாக்ஸ் இறக்கறவர் அதை அறுத்துத் தள்ள வேண்டியிருக்காது. பிரேக் லைன், பெட்ரோல் லைன், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் பக்கத்துல போனா ஹீட் ஷீல்டு கட்டாயம். சேஸிஸை விடக் கீழ தொங்க விடாதீங்க.

வண்டி வச்சிருக்கவங்க கிட்ட ஒரு வேண்டுகோள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். கார்ல ஏறினா தலைவலி, இறங்கி வெளிக்காத்துல நின்னா சரியாயிடுதுன்னா உடனே வண்டிய நிறுத்துங்க, டாக்டரைப் பாருங்க, பாக்கறப்ப காரைப் பத்தியும் சொல்லுங்க. டிக்கியைத் திறந்து வச்சு ஓட்டாதீங்க, பின்னாடி புகை உள்ள இழுக்கும். எக்ஸாஸ்ட் வேலை முடிஞ்சா ஆறின வண்டிய வெளிய நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சோப்புத் தண்ணி அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, நுரை வந்தா காசு கொடுக்காதீங்க.

அந்த மூணாவது வண்டி இப்ப என் ராம்ப் மேல தான் இருக்கு. வலது பக்கம் ஃப்ளெக்ஸ் போட்டாச்சு, ஹெச்சை ஒரு அடி முன்னாடி நகர்த்தி டாக் (தற்காலிகமா புள்ளி வெல்டு) மட்டும் அடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு நல்லா சூடேத்தி, ஆறவிட்டு, பைப் எங்கயாவது இழுக்குதான்னு பாத்துட்டு தான் முழு வெல்டு. வண்டி எப்ப கிடைக்கும்னு வண்டிக்காரர் ரெண்டு தடவை கேட்டுட்டார், சோப்புத் தண்ணி டெஸ்டுக்கு நீங்களும் வந்து பக்கத்துல நின்னு பாருங்க, அப்புறம் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கேன்.