73 ஆட்டங்கள் ஆடிய 18 வயதுக் கால்கள்

என்னிடம் சிகிச்சைக்கு வரும் கால்பந்துப் பையன்களிடம் "யார் மாதிரி ஆட ஆசை?" என்று கேட்பேன். பயத்தோடு படுத்திருக்கும் பிள்ளையைப் பேசவைக்க இது நல்ல கேள்வி. நடுக்களத்தில் ஆடுபவனாக இருந்தால் இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: பெட்ரி. சில மாதங்களுக்கு முன் இடது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வந்த 17 வயதுப் பையனும் அதையேதான் சொன்னான். சரி, பெட்ரியின் தொடைக்கு என்ன ஆனது தெரியுமா என்று கேட்டேன். அவர் போட்ட பாஸ்கள் எல்லாம் அவனுக்கு அத்துபடி. இது மட்டும் தெரியவில்லை.

அந்தக் கதையைப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரி ஸ்பெயினின் கேனரி தீவுகளில், டெனெரிஃபில் உள்ள தெகெஸ்தே என்ற சிற்றூர்க்காரர். 2002 நவம்பரில் பிறந்தவர். 16 வயதில் லாஸ் பால்மாஸ் அணிக்காக இரண்டாம் பிரிவில் ஆட ஆரம்பித்து, 2020இல் பார்சிலோனாவுக்கு வந்தார். ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த முதல் சீசனிலேயே கிளப்புக்காக 52 ஆட்டங்கள் ஆடினார். 2021 கோடையில் யூரோ கோப்பை. ஸ்பெயின் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் இறங்கினார். அவற்றில் மூன்று கூடுதல் நேரம் வரை போனவை. தொடரின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குத்தான். அது முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 7 அன்று பிரேசிலிடம் இறுதி ஆட்டத்தில் தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்கினார். எட்டாவது நாள், ஸ்பெயினின் முதல் பிரிவுத் தொடரான லா லிகாவின் புதிய சீசனின் முதல் ஆட்டத்தில் மறுபடியும் களத்தில் நின்றார்.

ஒலிம்பிக் இறுதியோடு கணக்கை நிறுத்தினாலும் ஒரு வருடத்துக்குள் 73 ஆட்டங்கள். அப்போது அவருக்கு வயது 18.

செப்டம்பரில் தொடைத் தசை கிழிந்தது. ஆறும் முன்னே திரும்பி வந்தார், அதே மாதக் கடைசியில் மறுபடியும் காயம். ஜனவரி வரை ஆட முடியவில்லை. 2022 ஏப்ரலில் பின்தொடை போய், அந்த சீசன் அதோடு முடிந்தது. 2023 பிப்ரவரியில் வலது தொடை, ஆகஸ்டில் மறுபடி அதே தொடை, 2024 மார்ச்சில் திரும்பவும். அந்த மார்ச் ஆட்டத்தில் அழுதுகொண்டே வெளியேறினார். வலியைவிட, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்துவிட்ட அழுகை அது என்றே எனக்குப் பட்டது. இத்தனைக்கும் 2021 அக்டோபரில் அவரோடு போட்ட ஒப்பந்தத்தில் வேறு கிளப் அவரை வாங்க 100 கோடி யூரோ கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அவரால் முழு வேகத்தில் ஓட முடியாது.

நடுக்கள ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 11, 12 கிலோமீட்டர் ஓடுகிறார். தூரத்தைவிட அந்த ஓட்டத்தின் தன்மைதான் எங்களுக்குக் கவலை. பாய்வது, சட்டென்று நிற்பது, தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் கிளம்புவது, இதையே நூற்றுக்கணக்கான முறை செய்கிறார்கள். வேகமாக ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடும் முன்பு, பின்தொடைத் தசை அதற்கு பிரேக் போடுகிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். களைத்துப்போன தசையால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது, அப்போதுதான் கிழிகிறது. ஒரு முழு ஆட்டத்துக்குப் பிறகு தசை பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் அடுத்த ஆட்டம் என்றால் பழைய கடன் தீராமல் புதுக் கடன் ஏறுகிறது.

நம் பையனிடம் வருகிறேன். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி, குதிகாலில் கையை வைத்துக் கீழே அழுத்தினேன். வலது கால் அசையவில்லை. இடது கால் இரண்டு நொடி தாங்கியது, அப்புறம் நடுங்கியபடி மெல்ல இறங்கிவிட்டது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல சார். வலி போன வாரமே போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆடலாம்ல?"

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். வலி போவது முதலில் நடக்கும். பலம் திரும்புவது ரொம்பப் பின்னால் நடக்கும். இடைப்பட்ட அந்த வாரங்களில் நடப்பான், மாடி ஏறுவான், மெதுவாக ஓடுவான், எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருக்கும். முழு வேகத்தில் ஒரு பந்தைத் துரத்தும்போது தெரியும். பின்தொடைக் காயம் திரும்ப வருவதில் பெரும்பகுதி, களத்துக்குத் திரும்பிய முதல் சில வாரங்களில்தான்.

அவன் அப்பாவிடம் கடந்த ஒரு மாதத்தில் எத்தனை ஆட்டம் என்று கேட்டேன். "அஞ்சாறு இருக்கும் சார்" என்றார். மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பள்ளிக்கு ஐந்து, அகாடமிக்கு நான்கு, தெரு அணிக்காக ஒரே ஞாயிறில் மூன்று செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டம், அப்புறம் பக்கத்து ஊரில் இரண்டு. மொத்தம் 14. பயிற்சி தனி. அந்த ரசீதை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர், மகன் ஆட்டத்தைப் பார்க்க வேலைக்கு விடுப்பு எடுப்பவர். அவர் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று பயிற்சியாளர்களும் நல்லவர்கள்தான். ஒவ்வொருவரும் தன் அணிக்கு அவனை அளவாகத்தான் ஆடவைத்தார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

பெட்ரிக்கு நடந்ததும் இதேதான். கிளப்புக்கு அவர் தேவைப்பட்டார், தேசிய அணிக்குத் தேவைப்பட்டார், ஒலிம்பிக் அணிக்கும் தேவைப்பட்டார். மூன்று நியாயங்களும் ஒரே ஜோடிக் கால்களின் மேல் ஏறின. உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் குறைந்தது 28 நாள் முழு ஓய்வு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அட்டவணை போடுபவர்கள் காதில் அது விழுவதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் ஜூட் பெல்லிங்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் விலகிய தோளோடு கட்டுப் போட்டுக்கொண்டே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆடிவிட்டு, 2025 ஜூலையில்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார்.

எல்லாக் காயத்தையும் ஓய்வால் தடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பார்சிலோனாவில் பெட்ரியோடு ஆடிய காவியின் முழங்கால் ஜவ்வு 2023இல் கிழிந்தது ஒரு கணத்தில் நடந்தது. திரும்பி வர 11 மாதம் ஆனது. ஆனால் தசைக் காயங்களில் நம் கையில் நிறைய இருக்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்து, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து முன்பக்கம் மிக மெதுவாகச் சாயும் நார்டிக் பயிற்சியைத் தவறாமல் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு பாய் போதும், காசு செலவில்லை. ஃபிஃபாவின் '11 பிளஸ்' வார்ம்-அப்பில் இதுவும் சேர்த்திதான், மொத்தமே 20 நிமிடம். 14 வயதுக்கு மேற்பட்ட எந்த அணியும் நாளைக்கே தொடங்கலாம்.

இன்னொன்று, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். வளரும் வயதில் தசை கிழியாமல், அது ஒட்டியிருக்கும் எலும்பின் நுனி பெயர்ந்து வரலாம். உட்காரும் எலும்பில் இது நடக்கும். ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ 'டப்' என்று ஒரு உணர்வு, பிறகு நடக்கவே முடியாத வலி என்றால், சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். எக்ஸ்ரே எடுங்கள். நீவி நீவி மூன்று வாரம் கழித்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. வலி மாத்திரை போட்டு, ஸ்ப்ரே அடித்து இறக்கிவிடுவதும் அப்படித்தான்.

பெட்ரி மீண்டது எனக்கு ரொம்ப சந்தோஷம். 2024இல் ஹான்சி ஃபிளிக் பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளராக வந்தபோது உடற்தகுதிப் பயிற்சிக்கு ஹூலியோ டோஸும் வந்தார். ஜிம்மில் பலம் ஏற்றும் வேலைக்கு முன்னைவிட அதிக இடம் கிடைத்தது. அந்த சீசனில் லா லிகாவின் 38 ஆட்டங்களில் 37இல் பெட்ரி ஆடினார், கோப்பையும் வந்தது. அதற்காக அவர் மூன்று வருடங்கள் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் பையன் அந்த ஞாயிறு ஆடவில்லை. ஒன்பது வாரம் ஆனது. இடது காலின் பலம் வலது காலின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டிய பிறகு, முழு வேகத்தில் பயமில்லாமல் ஓடிய பிறகு, அணியோடு முழுப் பயிற்சிகள் முடித்த பிறகுதான் சரி என்றேன். இப்போது அப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பள்ளி, அகாடமி, தெரு என்று மூன்று பத்தி, ஆடிய நிமிடங்களோடு. மாதக் கடைசியில் அதைப் போட்டோ எடுத்து மூன்று பயிற்சியாளர்களுக்கும் அனுப்புகிறார். போன வாரம் அகாடமிப் பயிற்சியாளர் எனக்கு போன் செய்தார். புதன்கிழமை இவனுக்குப் பள்ளி ஆட்டம் இருக்கிறதே, வியாழன் பயிற்சியில் எவ்வளவு ஓடவிடலாம் என்று கேட்டார்.