மூலையில் நின்ற டிவிஎஸ் 50

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடக்கிறது. இடம் நெல்லை ஜங்ஷன். அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கடைவாசலில் நிற்கிறார்கள். பின்னால் ஒரு பஸ், ஓர் அம்பாசடர், தூரத்தில் ஈரடுக்கு மேம்பாலம். "எழுபத்தஞ்சுல எடுத்தது. நாந்தான் பக்கத்துல நிக்கேம்லா" என்பார் சித்தப்பா.

இப்படிப்பட்ட படம் எந்த வருஷம் எடுத்தது என்று கண்டுபிடிக்க முதலில் எல்லோரும் காரைத்தான் பார்ப்பார்கள். அம்பாசடரோ 1950-களின் கடைசியில் வந்து 2014 வரை உற்பத்தியான வண்டி. தோற்றமும் பெரிதாக மாறவில்லை. அதை வைத்து வருஷம் சொல்ல முடியாது. தாமிரபரணி மேலிருக்கும் சுலோச்சன முதலியார் பாலமும் இந்த வகைச் சாட்சிதான். 1843-லேயே கட்டி முடித்துவிட்டதால் எந்தப் படத்தில் வந்தாலும் பிரயோசனமில்லை.

படத்தில் இருப்பதில் எது கடைசியாகப் பிறந்ததோ, அதற்கு முன்னால் படம் எடுத்திருக்க முடியாது. கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. மேம்பாலம் 1973-ல் திறந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் 'கட்டபொம்மன்' என்று தெரிகிறது. அந்தப் போக்குவரத்துக் கழகம் 1974-ல் வந்தது; 1997-ல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது பஸ்களிலிருந்தும் அந்தப் பெயர் போயிற்று. அதுவரை சித்தப்பா சொன்ன வருஷத்துக்குப் பழுதில்லை.

அப்புறம்தான் பூதக்கண்ணாடியைப் படத்தின் ஓரத்துக்கு நகர்த்தினேன். பாதி வெட்டுப்பட்டு ஒரு மொபெட் நிற்கிறது. பக்கத்தில் '50' என்ற எண். டிவிஎஸ் 50 சாலைக்கு வந்ததே 1980-ல்! "அது வேற வண்டியா இருக்கும்டே" என்றார் சித்தப்பா.

'இதற்கு முந்தியதில்லை' என்ற கீழ்வரம்பு இப்படிக் கிடைத்துவிடும். 'இதற்குப் பிந்தியதில்லை' என்ற மேல்வரம்புதான் பாடு. மாருதி 800 1983 டிசம்பரில் வந்தது. படத்தில் அது இல்லையே என்று குதிக்கக் கூடாது. அந்த நொடியில் அந்தத் தெருவில் ஒன்று வராமல் போயிருக்கலாம். நம்பர் பிளேட்டில் நெல்லைக்கான 'டிஎன் 72' இருந்தால் 1989 ஜூலைக்குப் பிந்தியது என்று அடித்துச் சொல்லலாம். பழைய மூன்றெழுத்து எண் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, வண்டி சாகும்வரை அதே எண்ணோடுதான் ஓடும். சுவரில் 'நகராட்சி' என்று எழுதியிருந்தால் 1994-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வருஷம்தான் நெல்லை மாநகராட்சியானது.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சாட்சி உண்டு, ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை 'நெல்லை'யின் லை, துதிக்கை சுருட்டிய பழைய லைதான். ஆனால் பெரியார் 1935-லேயே புது லையை அச்சில் கொண்டுவந்துவிட்டார். போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டுகளோ பழகிய கையை லேசில் விடவில்லை. எனவே இது துணைச் சாட்சி மட்டும்.

வருஷம் சரி, மாதம்? அதற்கு நிழல். நெல்லை ஏறக்குறைய 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பையொட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து வடக்கே தாண்டும். ஆகஸ்ட் கடைசியில்தான் தெற்கே திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தின்போது பத்தடிக் கம்பத்துக்குச் சுமார் இரண்டரை அடி நிழல் தெற்கே. மார்கழியில் ஆறடிக்கு மேல் வடக்கே. ஆகவே 'ஆனித் தேர், உச்சிவேளை' என்று குறித்த படத்தில் நிழல் வடக்கே கிடந்தால், குறிப்பு தப்பாக இருக்கும், இல்லை நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருப்பார்கள். திருப்பிப் போட்டதா என்று அறிய போர்டில் உள்ள எழுத்தைப் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இந்தக் கட்டம்போட்ட சட்ட என் கல்யாணத்துக்கு எடுத்ததுல்லா... அப்பம் எம்பத்திரண்டு."