பழைய குருமனையை வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

இங்கிலாந்துக் கிராமங்களில் 'ஓல்ட் ரெக்டரி' (ரெக்டர் எனப்படும் ஊர்ப் பாதிரியார் குடியிருந்த பழைய குருமனை) என்று பெயர்ப்பலகை மாட்டிய வீடு விற்பனைக்கு வந்தால், விலை எப்போதும் ஒரு படி ஏறித்தான் நிற்கும். பழைய கட்டடங்களை ஆய்வு செய்து அறிக்கை தருவது என் தொழில். வாங்க வருபவர்கள் முகப்பைப் பார்த்ததுமே மனதளவில் குடியேறிவிடுகிறார்கள். நான் நேராகப் பின்பக்கம் போய்விடுவேன்.

காரணம் இந்த வீடுகளின் கதையிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் ரெக்டருக்கு ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரும். தேவாலய நிலத்தின் வருமானமும் உண்டு. வீடு மட்டும் பதவியோடு வந்து பதவியோடு போகும். ஆனால் பழுது பார்க்கும் செலவு முழுக்க அவர் தலையில். கவனிக்காமல் விட்டுவிட்டு இறந்துபோனால், அடுத்து வருபவர் அந்தச் செலவை அவருடைய விதவையிடம் கேட்டு வாங்க முடிந்தது. கொடுமைதான்! 1776இல் வந்த கில்பர்ட் சட்டம், பதவியின் இரண்டு ஆண்டு வருமானம் வரை கடன் வாங்கி வீடு கட்டவோ பழுது பார்க்கவோ வழிசெய்தது. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ஜார்ஜிய பாணிக் குருமனைகள் பலவும் அதற்குப் பிறகு எழுந்தவை.

முழுசாக இடித்துக் கட்ட வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? பழைய மரச்சட்ட வீட்டின் முன்னால் செங்கல் முகப்பை மட்டும் எழுப்பி, மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னல்களை வரிசையாக வைத்துவிட்டார்கள். வீட்டின் உண்மையான வயது பின்பக்கம்தான் தெரியும்.

முழுசாகவே புதிதாகக் கட்டியதைப் பார்க்க வேண்டுமானால் லிங்கன்ஷயரில் எப்வொர்த்துக்குப் போங்கள். அங்கிருந்த கூரை வேய்ந்த மரக் குருமனை 1709 பிப்ரவரியில் எரிந்தது. மாடி ஜன்னல் வழியாகக் காப்பாற்றப்பட்ட ஐந்து வயதுப் பையன்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அந்த ஊர் ரெக்டரான அப்பா சாமுவேல் வெஸ்லி 1705இல் கடனுக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். அப்படியும் செங்கல்லில் வீட்டைத் திரும்ப எழுப்பினார். இன்று அது அருங்காட்சியகம்.

சரி, இனி சுவருக்கு வருவோம். இந்த வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. மழையில் சுவர் கொஞ்சம் நனையும், பிறகு இணைப்புகள் வழியாக உலர்ந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் அந்த இணைப்புகளைச் சுரண்டி சிமென்ட் வைத்திருப்பார். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கும். பனிக்காலத்தில் உறைந்து விரியும். அப்புறம் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சிமென்ட் கோடுகள் மட்டும் வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் சுவரில் கை வைத்தால் சிவப்புத் தூள் ஒட்டும்.

உள்ளே ஓதம் தெரிந்ததும், ஈரம் அளக்கும் ஊசி முனை மீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு, 'சுவரில் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கும் கெமிக்கல் ஊசி போட்டுவிடலாம்' என்று சொல்ல ஆள் வருவார்கள். அவசரப்படாதீர்கள். பழைய பூச்சில் உப்பு இருந்தாலே அந்த மீட்டர் அதிகமாகக் காட்டும். முதலில் மழைநீர்க் குழாய்களைப் பாருங்கள். வெளியே தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய சரளை, உள்தரையைவிட உயர்ந்து சுவரை அணைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கூரைகள் அடுத்தடுத்து உள்ள வீடு என்றால், நடுவிலுள்ள ஈயத் தகட்டுக் கால்வாயை ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இலை அடைத்தால் தண்ணீர் உத்தரத்தின் முனையில்தான் இறங்கும். நான் பார்க்கும் மரச் சேதத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வக்கீலிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சில பழைய தேவாலய நிலங்களோடு, தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமையும் ஒட்டிக்கொண்டு வரும். வார்விக்ஷயரின் ஆஸ்டன் கேன்ட்லோ வழக்கில் 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தக் கடமை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த வீடுகளில் பல பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும். அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதி வாங்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியிருந்தாலும், அதைக் கழற்றி மறுபடி மர ஜன்னல் போடச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே, இதுவரை நடந்த வேலைகளின் அனுமதிக் காகிதங்களை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.