எட்டு எழுத்தா, மூன்று அசையா?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. "நேத்து ராத்திரி பத்துத் தடவை எழுதினான் மேடம், காலையில டெஸ்ட்ல தப்பு" என்பது பெற்றோரிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல். எப்படிப் படித்தான் என்று கேட்டால், ஆர்-ஈ-எம் என்று எழுத்தெழுத்தாக ஒப்பித்திருப்பான். 'ரிமெம்பர்' என்பதில் எழுத்து எட்டு. ரி-மெம்-பர் என்று பிரித்தால் அசை, அதாவது ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டு, மூன்றுதான்.

புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்து, சொல்லை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ, பெரும்பாலும் அத்தனை அசை. ஆனால் நம் நாக்கு ஒரு வேலை செய்யும். ஆங்கிலத்தில் ஓரசையாக இருக்கும் 'ஃபில்ம்' நம் வாயில் 'ஃபிலிம்' ஆகிவிடும். ஸ்கூல், 'இஸ்கூல்' ஆகும். சொல்வதுபோலவே எழுதும் பிள்ளை, இல்லாத 'ஐ' எழுத்தைச் செருகிவிடும். அதனால் முதலில் உச்சரிப்பு, அப்புறம்தான் ஸ்பெல்லிங்.

அசை பிரிக்கத் தெரிந்தால், எழுத்து எங்கே இரட்டிக்கும் என்பதும் பிடிபடும். டின்னர், டைனர் இரண்டையும் பாருங்கள். டின்னரில் இரண்டு 'என்'. ஒன்று முதல் அசையை மூடிவிடுவதால் உயிர் குறுகி 'டின்' ஆகிறது. டைனரில் இருக்கும் ஒரே 'என்' அடுத்த அசைக்குப் போய்விட, முதல் அசை திறந்து நிற்கிறது. 'டை' என்று ஒலிக்கிறது. ஹாப்பிங் (இரண்டு 'பி'), ஹோப்பிங் (ஒரே 'பி') குழப்பமும் இதேதான். எல்லாச் சொல்லும் இதற்கு அடங்காது. 'லெமன்' சொல்லில் ஒரே ஒரு 'எம்'தான், ஆனாலும் முதல் உயிர் குறில்.

பேசுவதற்கு ஒரு பிரிப்பு, எழுதுவதற்கு வேறு பிரிப்பு என்று வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. புதன்கிழமையை வாயால் வென்ஸ்-டே என்று சொல்லட்டும். எழுதும்போது மனசுக்குள் வெட்-நெஸ்-டே. 'கம்ஃபர்டபிள்' எழுதும்போது கம்-ஃபோர்ட்-ஏ-பிள்.

அகராதியில் சொல்லுக்கு நடுவே இருக்கும் புள்ளிகளை உச்சரிப்புப் பிரிப்பு என்று நம்பிச் சண்டை போடுபவர்கள் உண்டு. பல அகராதிகளில் அவை வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறிகள். 'நாலெட்ஜ்' சொல்லை அமெரிக்கர்கள் 'எல்' எழுத்துக்குப் பின்னும், பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு முன்னும் உடைப்பார்கள். இதற்கெல்லாம் மார்க் குறைக்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வகுப்பு வந்தும் காதால் கேட்டுப் பிரிக்க வராவிட்டால், 'பட்டாம்பூச்சி' போன்ற தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் பெரும்பாலும் ஆங்கிலப் பழக்கம் போதாததுதான் காரணம். அதுவும் வரவில்லையென்றால் முதலில் காது பரிசோதனை. அதில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கான மதிப்பீடு. அதுவரை இம்போசிஷன் வேண்டாம்.