மரபியல் அன்று, கொடிவழி

மூதாதை ஒருவரின் வாழ்வைப் பழைய பதிவேடுகளின் வழியே தேடிச் செல்லும் முயற்சியை 'மரபியல் ஆய்வு' என்று எழுதும் பழக்கம் இலங்கை மலையகத்துக் கட்டுரைகளிலும் கூட்ட அழைப்பிதழ்களிலும் பரவி வருகிறது. இத்தேடலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஜீனியாலஜி என்ற பெயரின் கிரேக்க மூலத்துக்குத் தலைமுறை பற்றிய அறிவு என்பதே பொருள். அதனை ஜெனடிக்ஸ் என்னும் உயிரியல் துறையோடு குழப்பிக்கொண்டவர்கள் செய்த மொழிபெயர்ப்பு இது. முன்னோர் வரிசையைக் குறிக்கும் கொடிவழியே இதற்குப் பொருந்தும் சொல்.

மரபியல் என்ற சொல்லோ ஏற்கெனவே சும்மா இருக்கவில்லை. பார்ப்பு, பறழ், குட்டி, கன்று என இளமைப் பெயர்களை வகுத்துச் சொல்லும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு அது பெயர். தமிழ்நாட்டு அறிவியல் நூல்களில் அது பரம்பரை அலகுகளை ஆராயும் துறை. இலங்கைப் பாடநூல்கள் அத்துறையைப் பிறப்புரிமையியல் என்பதால் மரபியல் இங்கே காலியாக உள்ளது என்று சிலர் வாதிடக்கூடும். (பிறப்புரிமை என்ற சொல் மலையகத்தார் காதில் எப்படி விழும் என்பது வேறு கதை.) ஆனால் நம் பிள்ளைகள் இணையத்தில் வாசிப்பது தமிழ்நாட்டு வழக்கையே. 'பாட்டனாரின் மரபியல் பதிவுகள்' என்று படிப்பவர், பிரதேச செயலகத்துக்குப் போவதா, எச்சில் மாதிரி கொடுப்பதற்கு ஆய்வுகூடத்துக்குப் போவதா என்று திகைப்பது நியாயமே.

மலையகத்தில் இத்தேடல் இரத்தத்தைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை. அது முழுக்கக் கடதாசியைப் பற்றியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்தவரிடம்கூடத் தந்தை இங்கே பிறந்ததற்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. பழைய பிறப்புச் சான்றிதழை விரித்தால், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடும் (கட்டம்), தந்தை இங்கே பிறவாதிருந்து பூட்டனார் பிறந்திருந்தால் நிரப்புவதற்கு இன்னொரு கூடும் இருக்கும். தோட்டத்து வீடுகளில் பத்திரப்படுத்தப்பட்ட பல சான்றிதழ்களில் அக்கூடுகளில் வெறும் கோடுதான் இழுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் யார் இருந்தார் என்பதைச் தோட்டத் தொழிலாளரின் வருகைப் பதிவேடான செக்ரோலில், அவர்களை மேற்பார்த்த கங்காணியின் பெயருக்குக் கீழே தேடுபவர் செய்யும் வேலைக்கு, உயிரணுவை ஆராய்பவரின் வேலைப் பெயரை வைப்பது எந்த விதத்தில் தெளிவு?

வம்சாவளி பிழையான சொல்லன்று. வம்சம் என்ற வடசொல்லுக்கு மூங்கில் என்றும் குலம் என்றும் பொருள். ஆவளி என்பது வரிசை. ஆனால் 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்று ஒரு சமூகத்தின் மேல் முத்திரையாகக் குத்தப்பட்ட பின், ஒருவரின் முன்னோர் வரிசையைக் குறிக்க அதனை எடுத்தால் அரசியல்தான் முந்திக்கொண்டு ஒலிக்கிறது. அகராதிகளில் உள்ள கால்வழியையோ, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்களைப் பற்றிய எழுத்தில், நடந்த பாதை என்றே படித்துவிடுவார்கள்.

கொடிவழி என்பதில் இந்தத் தொல்லைகள் இல்லை. பழஞ்சொல், புரியாது என்பவர்கள் தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்கும்போது எவரிடமும் பொருள் கேட்பதில்லை. ஆய்வைக் கொடிவழி ஆய்வு என்றும் ஆவணத்தைக் கொடிவழிப் பதிவு என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தைப் பார்த்து எழுத்தெண்ணி நட்டுவைத்த 'குடும்ப மரம்' என்பதையும் பிடுங்கிவிட்டுக் கொடிவழிப் படம் என்று எழுதலாம்.