கீசர் பாயிண்டில் காரை சார்ஜ் போடலாமா?

சேலத்தில் எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இது: தனி சார்ஜர் மாட்டாமல், ஏ.சி.க்கோ கீசருக்கோ போட்ட 16 ஆம்பியர் பாயிண்டிலேயே செருகிக்கொள்ளலாமா? செருகலாம். காரோடு தரும் சிறிய சார்ஜர் அதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் கீசரைத் தாங்கிய பாயிண்ட் காரையும் தாங்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

230 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். கீசரும் இரண்டு, மூன்று கிலோவாட் இழுக்கும்தான். ஆனால் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். 30 யூனிட் பேட்டரி உள்ள கார் காலியாக வந்து நின்றால், ஒன்பது பத்து மணி நேரம் ஓயாமல் இழுக்கும். வித்தியாசம் அந்த நேரத்தில்தான்.

சூடு பிறக்கும் இடம் சின்னது. ப்ளக்கின் பித்தளைக் கால்களை சாக்கெட்டுக்குள் இருக்கும் தகடுகள் கவ்விப் பிடிக்கின்றனவே, அந்த இடம். அப்புறம் பின்பக்கம் ஒயரை இறுக்கிய ஸ்க்ரூ. கரன்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும். பிடி தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே 15 × 15 × 0.1 = 22.5 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். ஏறக்குறைய அப்படியொன்றை சுவருக்குள் வைத்து விடிய விடிய எரிய விடுகிறோம். சூட்டில் தகடு இன்னும் தளரும், கறுக்கும், தடை ஏறும், மறுபடி சூடு ஏறும். ப்ளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால், அந்த சாக்கெட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.

கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. இதைத் தடுக்காது. எவ்வளவு கரன்ட் போகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். லூஸ் கான்டாக்டில் கரன்ட் கூடுவதே இல்லை, பிளாஸ்டிக் உருகும்போதும் அதே 15 ஆம்பியர்தான். அதனால் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இழுத்து, புது சாக்கெட் போடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அதில் மறுபடி போடாதீர்கள்.

அடுத்தது எர்த். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் குழியின் தடை ஏறும். சேலத்துப் பாறை நிலத்தில் இது அடிக்கடி வரும் தொல்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது, புதுக் குழி போடுவது எல்லாம் சரி. ஆனால் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து சார்ஜரை ஏமாற்றும் வழக்கம் இருக்கிறதே, அது கொலைக்குச் சமம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுவது உங்கள் குழந்தையாகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். போகிற கரன்ட்டும் திரும்புகிற கரன்ட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது கண நேரத்தில் துண்டித்துவிடும்.

இன்னொரு நல்ல வழி, கரன்ட்டைக் குறைப்பது. கேபிள் நடுவில் இருக்கும் பெட்டி, நொடிக்கு 1000 துடிப்புகள் கொண்ட ஒரு சிக்னலால் காரோடு பேசுகிறது. துடிப்பின் அகலம் ஒரு சுற்று நேரத்தில் 25 சதவீதம் என்றால் 15 ஆம்பியர் வரை எடுக்கலாம், 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர். பல கார்களில் இந்த அளவை நாமே குறைத்து வைக்கலாம். 15-ஐ 10 ஆக்கினால் நேரம் ஒன்றரை மடங்கு ஆகும். ஆனால் பிடியில் பிறக்கும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். வர்க்கக் கணக்கின் லாபம் இது.

ஏற்காட்டில் பழைய வீடுகளில் தங்கும்போது நான் சொல்வது இதைத்தான்: 8 அல்லது 10 ஆம்பியரில் வையுங்கள், போதும். சேலத்திலிருந்து ஏறும்போது ஒன்றரை டன் காரை 1200 மீட்டர் உயர்த்தவே 5 யூனிட் செலவாகிறது. இறங்கும்போதோ, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து ஒரு பகுதியைத் திருப்பித் தரும். பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்கு இடம் இருக்காது. பாரம் முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். அதனால் மலையில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.